முள் நிற்கும் இடம்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எஞ்சின் 349 சிசி. 2017இல் வந்த கேடிஎம் 390 டியூக்கின் எஞ்சின் 373 சிசி. இரண்டுமே ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவில் வித்தியாசம் வெறும் 24 சிசி, ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டித் தண்ணீர். ஆனால் முன்னது தருவது 20 குதிரைத்திறன், பின்னது 43. சின்ன வண்டிகளுக்கு வந்தாலும் இதே கதைதான். ஹீரோ ஸ்ப்ளெண்டர் 97.2 சிசி, டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்பது 99.7 சிசி. எக்ஸ்எல்லின் எஞ்சின் இரண்டரை சிசி பெரியது. திறனோ ஸ்ப்ளெண்டரின் எட்டுக்கு எதிரே 4.3 குதிரைத்திறன்தான். வண்டி வாங்கப் போகிறவரிடம் வீட்டிலும் தெருவிலும் முதலில் கேட்கப்படுவது “எத்தனை சிசி?” என்பதே. அந்த எண் பொய் சொல்வதில்லை. அது ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்கிறது; நாம்தான் அதனிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் பிறக்கும் இடத்தின் அளவுதான் சிசி. அதாவது எஞ்சின் ஒரு மூச்சில் உள்ளிழுக்கக்கூடிய காற்று. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எனவே காற்று எவ்வளவு நுழைகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். எரிவது எவ்வளவோ அவ்வளவுதான் பிஸ்டன் மீது விழும் அழுத்தம். அந்த அழுத்தம்தான் கிராங்கைத் திருப்பும் முறுக்குவிசை, ஒர்க்‌ஷாப் மொழியில் டார்க். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளுவது வளிமண்டலம் மட்டுமே. அது கிளாசிக்குக்கு ஒரு சலுகையும் கேடிஎம்முக்கு ஒரு சலுகையும் காட்டுவதில்லை. உச்ச முறுக்குவிசையை ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். எக்ஸ்எல் 100க்கு 65 நியூட்டன் மீட்டர், கிளாசிக்குக்கு 77, ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்கு 80, ஸ்ப்ளெண்டருக்கு 83, கவாசாகி நிஞ்ஜா 300க்கு 91, கேடிஎம்முக்கு 99. மூட்டை சுமக்கும் மொபெட்டிலிருந்து பந்தய வாடை அடிக்கும் வண்டி வரைக்கும் எடுத்துக்கொண்டால்கூட வித்தியாசம் ஒன்றரை மடங்குதான். இதே வகுத்தலைக் குதிரைத்திறனுக்குச் செய்தால் எக்ஸ்எல்லுக்கு 43, நிஞ்ஜாவுக்கு ஏறத்தாழ 130. மூன்று மடங்கு. ஆக, சிசி கிட்டத்தட்ட முறுக்குவிசையைச் சொல்லிவிடுகிறது. திறனைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

திறனைத் தீர்மானிப்பது, அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் வெளிப்படுகிறது என்பது. முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் திறன். இதில் வேறு மர்மம் எதுவும் இல்லை. கிளாசிக்கின் உச்ச முறுக்குவிசை 27 நியூட்டன் மீட்டர். நிஞ்ஜா 300இன் உச்சமும் அதே 27தான். ஆனால் கிளாசிக் அதை 4,000 சுழற்சியில் தருகிறது, நிஞ்ஜா 10,000 சுழற்சியில் தருகிறது. அதனால்தான் 296 சிசி வண்டி 349 சிசி வண்டியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு திறனைக் காட்டுகிறது. அப்படியானால் கிளாசிக்கையும் 10,000 வரை சுழற்றினால் என்ன? சுழற்ற முடியாது. அதன் பிஸ்டன் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் 85.8 மில்லிமீட்டர் பயணிக்க வேண்டும். கேடிஎம்மின் பிஸ்டனுக்கு 60, நிஞ்ஜாவின் பிஸ்டனுக்கு 49 மில்லிமீட்டர் போதும். ஒவ்வொன்றும் தன் உச்சத் திறனைத் தரும் சுழற்சியில் அதன் பிஸ்டனின் சராசரி வேகம் என்ன என்று பார்த்தால், கிளாசிக் 6,100 சுழற்சியில் நொடிக்கு 17.4 மீட்டர், கேடிஎம் 9,000இல் 18, நிஞ்ஜா 11,000இல் 18. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும் மூன்று வண்டிகளும் ஒரே சுவரில் முட்டி நிற்கின்றன. உலோகத்தின் வலிமையும், எண்ணெய்ப் படலத்தின் தாங்குதிறனும், வால்வு வழியே காற்று பாயக்கூடிய வேகமும் சேர்ந்து எழுப்பிய சுவர் அது. நான்கு சிலிண்டரில் 249 சிசியைப் பங்கிட்டு, ஒரு பிஸ்டனுக்கு 31.8 மில்லிமீட்டர் மட்டுமே பயணம் கொடுத்த கவாசாகி இசட்எக்ஸ்-25ஆர் 15,500 சுழற்சியில் உச்சத் திறனைத் தொடுகிறது. அங்கேயும் பிஸ்டன் வேகம் 16.4 மீட்டர்தான். ஸ்ப்ளெண்டர் இந்தச் சுவரின் பக்கமே போவதில்லை. 13 மீட்டரில் நின்றுவிடுகிறது. எக்ஸ்எல் பத்தைக்கூடத் தொடாது. இவ்விரண்டும் வருடக்கணக்கில் சலிக்காமல் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மறுபக்கக் கணக்கு: சாலை நம்மிடம் எவ்வளவு திறன் கேட்கிறது? சமதளத்தில் வண்டி வெல்ல வேண்டியவை இரண்டு, டயர் உருளும் தடையும் காற்றும். முதலாவது வேகத்தோடு மெதுவாகத்தான் கூடும். காற்றை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவர், வண்டியோடு சேர்த்து 180 கிலோ, காற்றுக்குக் காட்டும் முகப்பு இழுவைக் கெழுவோடு பெருக்கி 0.6 சதுர மீட்டர், செயினில் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் எஞ்சின் தர வேண்டியது மூன்றே கால் குதிரைத்திறன். 80இல் ஏழுக்குச் சற்றுக் குறைவு. 100இல் பன்னிரண்டரை. 120இல் 21. காகிதக் கணக்கு என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. எட்டுக் குதிரைத்திறன் ஸ்ப்ளெண்டர் 90ஐ எட்டுவதற்குள் திணறுவதும், இருபது குதிரைத்திறன் கிளாசிக் 120ஐ நெருங்கும்போது மூச்சு வாங்குவதும் இந்தக் கணக்கு சொல்லும் இடத்தில்தான் நடக்கின்றன. இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த உச்ச வேகம் நான்குவழிச் சாலையில் 80, ஊருக்குள் 60. சட்டத்துக்கு உட்பட்டுத் தனியாகச் சமதளத்தில் சீரான வேகத்தில் போகிறவருக்கு ஏழு குதிரைத்திறனுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்பதுதான் இதன் பொருள். 43 குதிரைத்திறனில் 36 சும்மா பயணம் செய்கிறது.

அப்படியானால் எல்லோரும் ஸ்ப்ளெண்டர் வாங்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நாட்டில் ஏராளமானோர் அந்த அளவு வண்டியைத்தான் வாங்குகிறார்கள், அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு சீரான வேகத்தில் சும்மா உருண்டுகொண்டிருப்பதற்கான கணக்கு. நிஜமான ஓட்டம் அப்படி இருப்பதில்லை. சிக்னலில் நின்று கிளம்ப வேண்டும், பேருந்தைத் தாண்ட வேண்டும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். அப்போதெல்லாம் கேள்வி உச்சத் திறன் எவ்வளவு என்பதல்ல. அந்த நொடியில் சுழற்சிமானியின் முள் எந்தச் சுழற்சியில் நிற்கிறதோ, அங்கே எவ்வளவு திறன் கைக்குக் கிடைக்கிறது என்பதுதான். விளம்பரத்தில் அச்சாகும் குதிரைத்திறன், முள் சிவப்புக் கோட்டை நெருங்கும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உண்மை. அந்தப் புள்ளிக்கு ஒரு நாளில் எத்தனை முறை போகிறோம் என்று நேர்மையாகக் கணக்கிட்டால், பலருக்கு விடை பூஜ்யம். எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என்றால் தன் முள் பெரும்பாலான நேரம் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு, அங்கே வலுவுள்ள எஞ்சினைத் தேடுவது என்றே நான் வாதிடுவேன்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு, அது சரியான மறுப்பும்கூட. கியர் என்று ஒன்று எதற்காக இருக்கிறது? 10,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சினைப் பற்சக்கரங்கள் வழியே 4,000க்குக் குறைத்தால் அது 67 ஆகிவிடும். கிளாசிக்கின் 27 அதன் முன் நிற்காது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில் முறுக்குவிசைக்கென்று தனிப் பெருமை கிடையாது, திறன்தான் எல்லாம் என்பது இயற்பியல்படி மறுக்க முடியாத உண்மை. ஆனால் கியர் பெட்டி, முள் நிற்கும் இடத்தில் எஞ்சின் தருவதை மாற்றிக் கொடுக்குமே தவிர, முள்ளைத் தானாக நகர்த்தாது. நகர்த்த வேண்டியது ஓட்டுகிறவரின் இடது கையும் இடது காலும். முள்ளை 10,000இல் வைத்துக்கொண்டே அண்ணா சாலை நெரிசலில் போக யாரும் விரும்புவதில்லை. சத்தமும் சூடும் கிளட்ச் பிடித்துப் பிடித்து வரும் மணிக்கட்டு வலியும் விடாது. உயர் சுழற்சிக்காக வடிவமைத்த எஞ்சினில் வால்வுகள் அதிக நேரம் திறந்திருக்கும். முள் கீழே இருக்கும்போது, உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். ஃப்ளைவீலும் லேசானது, எனவே ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே கிராங்க் தளர்ந்து, பெரிய கியரில் மெதுவாகப் போனால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கிளாசிக்கின் கனமான ஃப்ளைவீல் அந்த இடைவெளியைத் தாண்டி உருட்டிவிடுகிறது. மாறாக, கியரை மாற்றி மாற்றி முள்ளை மேலேயே வைத்திருப்பதில் இன்பம் காண்பவருக்கு அந்த மறுப்பு முழுக்கப் பொருந்தும். அவருக்குக் கிளாசிக் சலிப்பூட்டும். சலிப்பூட்டுவதில் வியப்பும் இல்லை.

முள் நிற்கும் இடமே முக்கியம் என்ற வாதத்துக்கு எக்ஸ்எல்லை விடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஒரே வேகவிகிதம், வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் மையவிலக்குக் கிளட்ச். காய்கறி மூட்டையோ பால் கேனோ ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளம்பும்போது முள்ளை உயர்த்திக்கொள்ள வழியில்லை, இருக்கும் சுழற்சியிலேயே இழுத்தாக வேண்டும். எனவே வடிவமைத்தவர்கள் உச்ச முறுக்குவிசையை 3,500 சுழற்சியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்ப்ளெண்டருக்கு அது 6,000இல். அதற்கு விலையாகப் பாதித் திறனை விட்டுக்கொடுத்தார்கள். ஷோரூம் பட்டியலில் பார்த்தால் மட்டமான எஞ்சின். செய்ய வேண்டிய வேலையை வைத்துப் பார்த்தால் ஓசூரில் செய்யப்பட்ட முடிவுகளில் மிகவும் புத்திசாலித்தனமானவற்றில் ஒன்று.

மலைக்கும் இதே அளவுகோல்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருவரோடு ஏறும் 100 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 255 கிலோ, பத்துக்கு ஒன்று என்ற ஏற்றம், வேகம் 40. தேவை ஐந்தரைக் குதிரைத்திறன். எட்டுத் தரும் எஞ்சினால் முடியும், ஆனால் முள் மேலே இருந்தால் மட்டுமே. வளைவில் வேகம் தணிந்து முள் விழுந்ததும் திறனும் விழும், கியரைக் குறைத்தே தீர வேண்டும். அதே மலையில் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி, நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, 2,500 சுழற்சியிலேயே தன் உச்ச முறுக்குவிசையில் 80 விழுக்காட்டைத் தருகிறது. அதாவது 14 குதிரைத்திறனுக்கு மேல். கியரைத் தொடாமலே ஏறிவிடும். ஆனால் 200 கிலோவைத் தாண்டும் அந்த உடம்பை ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் சாய்த்து நிமிர்த்துவது யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

“பெரிய எஞ்சின் நோகாமல் ஓடும், ரொம்ப நாள் உழைக்கும்” என்பது இன்னொரு வாதம். நெடுஞ்சாலைக்கு இது செல்லும். 80இல் போகும் ஸ்ப்ளெண்டரின் கையிருப்பு ஒரே ஒரு குதிரைத்திறன். முன்னால் போகும் லாரியைத் தாண்ட அது போதாது, தாண்ட முயல்வது ஆபத்து. அதே இடத்தில் கிளாசிக், முள்ளை உயர்த்தி முழுத் திறனையும் எடுத்தால், 80இலிருந்து 100க்குப் போக ஐந்தாறு நொடி போதும். கேடிஎம்முக்கு இரண்டு நொடி. வாரம் தவறாமல் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓட்டுகிறவர் இந்தக் கையிருப்புக்காகப் பணம் கொடுப்பதை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் ஓடுவதற்கு இந்த வாதம் தலைகீழாகிவிடும். பெட்ரோல் எஞ்சினில் திறனைக் குறைப்பது என்றால் காற்று நுழையும் வாயை மூடுவது. பாதி மூடிய வாய் வழியே காற்றை உறிஞ்ச எஞ்சின் தன் சக்தியிலேயே ஒரு பங்கைச் செலவிடுகிறது. 60இல் போக ஸ்ப்ளெண்டர் தன் திறனில் நாற்பது விழுக்காட்டைப் பயன்படுத்தும், வாய் ஓரளவு திறந்தே இருக்கும். கேடிஎம் பயன்படுத்துவது எட்டு விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய எஞ்சின் நகரத்தில் மைலேஜ் தராதது எடையால் மட்டுமல்ல, இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டே ஓடுவதாலும்தான்.

சிலிண்டர்களின் எண்ணிக்கையும் அமைப்பும் இதற்குப் பிறகே வர வேண்டிய கேள்வி. அவற்றின் வேலை இரண்டு: பிஸ்டன் வேகச் சுவரைத் தாண்டாமல் முள்ளை மேலே கொண்டுபோவது, போகும் வழியில் அதிர்வை அடக்குவது. 4,000 சுழற்சியில் கிளாசிக்கின் பிஸ்டன் மேல் முனையில் புவியீர்ப்பைப் போல எழுநூறு மடங்குக்கு மேற்பட்ட முடுக்கத்தில் திசை திருப்பப்படுகிறது. அந்த உதறல் கைப்பிடிக்கும் கால்மிதிக்கும் வராமல் எங்கே போகும்? கிராங்கில் எதிர் எடை வைத்தால் மேலும் கீழும் உதறுவது குறையும், அதில் ஒரு பங்கு முன்னும் பின்னுமாக மாறும். பழைய புல்லட் காலம் முழுக்க அந்தச் சமரசத்தோடு வாழ்ந்தது. 2020இல் மீட்டியாரோடு வந்த புதிய 349 சிசி எஞ்சினில் எதிர்த்திசையில் சுழலும் சமநிலைத் தண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். புல்லட் பக்தர்களில் சிலர் குறைபட்டுக்கொண்ட அந்த மாற்றம்தான் 80இல் நாள் முழுக்கப் போகக்கூடிய வண்டியாக அதை ஆக்கியது.

இரண்டு சிலிண்டர் என்று வந்துவிட்டால் கிராங்கின் கோணம் வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இரு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கின. வெடிப்பு சீராக விழுந்தது, உதறல் ஒற்றைச் சிலிண்டரைப் போலவே இருந்தது. நிஞ்ஜா 300இல் ஒன்று ஏற மற்றது இறங்கும், 180 பாகை. முதல்நிலை உதறல் அடங்கிவிடும், உயர் சுழற்சிக்குத் தோதான அமைப்பு. ஆனால் இணைப்புத் தண்டின் நீளம் முடிவிலி அல்ல என்பதால் பிஸ்டன் மேல் பாதியில் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் ஓடுகிறது. அதனால் பிறக்கும் இரட்டை வேக அதிர்வு மிச்சம் இருக்கும், கைவிரல் மரத்துப்போவதற்கு அதுவே காரணம். ராயல் என்ஃபீல்டின் இரட்டைச் சிலிண்டர் வண்டி எடுத்துக்கொண்ட 270 பாகை அமைப்பில், ஒரு பிஸ்டன் முனையில் நிற்கும்போது மற்றது நடு வழியில் முழு வேகத்தில் இருக்கும். இரட்டை வேக அதிர்வு ஒன்றையொன்று அழிக்கும். எஞ்சுவதைச் சமநிலைத் தண்டு பார்த்துக்கொள்ளும். யமஹா 1995இல் டிஆர்எக்ஸ்850 வண்டியில் கொண்டுவந்த இந்த யோசனைதான் இன்று நடுத்தர இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. 1923 முதல் பிஎம்டபிள்யூ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கிடைமட்ட எதிரெதிர்ச் சிலிண்டர் அமைப்பு அதிர்வைப் பொறுத்தவரை இன்னும் நேர்த்தியானது. ஆனால் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரோடு பாரிமுனைச் சந்துக்குள் நுழைந்து பார்த்தால்தான் அதன் குறை தெரியும். நான்கு சிலிண்டரைப் பொறுத்தவரை, முள்ளைப் பத்தாயிரத்துக்கு மேல் கொண்டுபோகும் சாலையோ பந்தயத் தடமோ கைவசம் இல்லாதவருக்கு அது கூடுதல் உராய்வும் ஏப்ரல் மாதச் சிக்னலில் தொடையைச் சுடும் ரேடியேட்டர் காற்றும்தான்.

சிசி என்ற எண்ணுக்கு ஓர் இடத்தில் முழு அதிகாரம் உண்டு, வரியில். 2025 செப்டம்பர் முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40. 349க்கும் 373க்கும் இடையிலான அந்த 24 சிசிக்கு இயற்பியலில் இல்லாத கனம் இங்கே வந்துவிடுகிறது. கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, சத்தத்துக்காக வாங்குகிறேன் என்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. 270 பாகையின் ஏறுக்குமாறான துடிப்பு காதுக்கு இனியது, அதை இனியது என்று சொல்லி வாங்கினால் போதும், இழுவைக்காக என்று சொல்ல வேண்டாம். சோதனை ஓட்டத்துக்கு வண்டி தரும்போது விற்பனையாளர் காலியான நேர்ச்சாலையைக் காட்டி முறுக்கிப் பார்க்கச் சொல்வார். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, ஒரு மேம்பால ஏற்றத்தில் கிளட்சைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து பாருங்கள். வண்டி வெட்டுகிறதா, முனகுகிறதா, இழுக்கிறதா என்பதைக் கவனித்த பிறகு, விவரப் பட்டியலில் முறுக்குவிசைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் சுழற்சி எண்ணைப் படியுங்கள்.